பயணத்தில் வீட்டுக்கான யோசனைகளைத் தேடுவது எப்படி?

வீட்டின் உள்ளலங்காரத்தை மாற்ற வேண்டும், அதற்கு முன் வெளியூர்ப் பயணம் ஒன்று இருக்கிறது, அங்கே எதையெல்லாம் பார்க்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: கிளம்புவதற்கு முன் உங்கள் வீட்டை நன்றாகப் பார்த்துவிட்டுப் போங்கள். மனதில் ஒரு கேள்வி இல்லாமல் போனால் நகரம் முழுக்க அழகாகத்தான் தெரியும். எல்லாவற்றையும் படம் எடுப்போம். திரும்பி வந்து புரட்டினால், அந்தப் படங்களில் ஒன்றுகூட நம் வீட்டில் என்ன செய்வது என்று சொல்லாது. கேள்வியோடு போகிறவருக்கு ஒரு பொது நூலகத்தின் படிக்கட்டுக் கைப்பிடிகூடப் பதில் கொடுக்கும்.

இப்படிப் பார்க்க இப்போதுதான் தொடங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். வடிவமைப்புப் படித்திருக்க வேண்டியதில்லை. கொஞ்சம் பொறுமையும் ஒரு இன்ச் டேப்பும் போதும்.

முதல் வேலை வீட்டில்தான்

பயணத்துக்கு முந்தைய வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்குங்கள். ஒவ்வொரு அறையிலும் கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள். எது உறுத்துகிறது என்று எழுதுங்கள். ஆனால் ஆசையாக எழுதாமல் கேள்வியாக எழுதுங்கள். ‘ஹாலுக்குப் புது சோபா வேண்டும்’ என்பது ஆசை. ‘ஹாலில் நாலு பேர் உட்கார்ந்தாலே ஏன் நெருக்கடியாக இருக்கிறது?’ என்பது கேள்வி. முதலாவதை எழுதிக்கொண்டு போனால் ஊர் முழுக்க சோபாவை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இரண்டாவதோடு போனால் நடக்கும் வழி, நாற்காலியின் அளவு, சுவரோரப் பெஞ்சு, மடக்கு மேசை எல்லாமே கண்ணில் படும். இப்படி மூன்று கேள்விகள் போதும். அதற்கு மேல் போனால் கவனம் சிதறிவிடும்.

அடுத்து அளவுகள். அறையின் நீளம், அகலம், கூரையின் உயரம், ஜன்னலின் அகலம், தரையிலிருந்து ஜன்னல் எவ்வளவு மேலே தொடங்குகிறது, வாசற்கதவு எவ்வளவு அகலம். இத்தனையையும் ஃபோனில் ஒரே குறிப்பாக வையுங்கள். ஒவ்வொரு அறையையும் வாசலில் நின்று காலையில் ஒரு படம், விளக்குப் போட்டபின் ஒரு படம் எடுங்கள். எந்த ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். வெளியூரில் ஒரு நிறமோ துணியோ பிடித்துப்போகும்போது முதலில் தேவைப்படுவது இந்த விவரம்தான்.

வீட்டில் மாறப்போகாத பொருள்களின் துண்டு கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்: தரை டைல்ஸின் உடைந்த சில்லு, திரைச்சீலையின் ஓரத்துணி, அலமாரிக்கு ஒட்டிய லேமினேட்டின் மிச்சம். ஒரு சின்ன ஜிப் பையில் அடங்கிவிடும். நிறத்தை மனதில் வைத்துக்கொண்டு ஒப்பிடலாம் என்று நினைக்க வேண்டாம். கண் அவ்வளவு துல்லியமாக நிறத்தை நினைவில் வைப்பதில்லை.

அப்புறம் உங்கள் உடம்பையே அளவுகோலாக்கிக்கொள்ளுங்கள். விரித்த கையின் சாண் எத்தனை சென்டிமீட்டர், ஒரு காலடி எவ்வளவு, நின்றால் முழங்கை எந்த உயரத்தில் வருகிறது, உட்கார்ந்தால் கண் எந்த உயரத்தில் இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். எல்லா இடத்திலும் டேப்பை நீட்ட முடியாது. ஆனால் மேசையின் மேல் கையை வைப்பதை யாரும் தடுக்க மாட்டார்கள்.

எங்கே பார்ப்பது

பெரும்பாலானவர்கள் நேராக அறைகலன் ஷோரூமுக்குப் போகிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன். ஷோரூமில் யாரும் வாழ்வதில்லை. அங்கே வயர் தெரியாது, செருப்பு இல்லை, துணி காயப்போட இடம் தேவையில்லை. ஒருவர் உண்மையாகவே வாழ்ந்த வீட்டைப் பார்ப்பதுதான் முதல் பாடம். உலகின் பல நகரங்களில் கட்டடக்கலைஞர்களும் கலைஞர்களும் வாழ்ந்த அல்லது வடிவமைத்த வீடுகள் அருங்காட்சியகமாக இருக்கின்றன. போகும் ஊரின் பெயரோடு ‘வீட்டு அருங்காட்சியகம்’ என்று தேடிப் பாருங்கள். முன்பதிவு செய்தால்தான் உள்ளே விடும் வீடுகள் நிறைய. அதனால் பயணத் தேதி முடிவானதுமே இதைப் பார்த்துவிடுவது நல்லது.

இந்த வீடுகளில் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கேள்விக்கான பதில் இருக்கிறது. நான்கை மட்டும் சொல்கிறேன்.

பார்சிலோனாவில் காசா பாட்லோ என்ற வீடு இருக்கிறது. 1877இல் கட்டிய ஒரு சாதாரண அடுக்குவீட்டைக் கட்டடக்கலைஞர் அந்தோனி கவுடி 1904 முதல் 1906 வரை மாற்றியமைத்தார். அதன் அலைபோன்ற முகப்பைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். நீங்கள் நடுவில் உள்ள வெளிச்சக் கிணற்றில் நின்று மேலே பாருங்கள். சுவர் முழுக்க நீல டைல்ஸ். உச்சியில் நீலம் அடர்ந்திருக்கும். கீழே வர வர வெளிறிக்கொண்டே வந்து அடித்தளத்தில் கிட்டத்தட்ட வெள்ளையாகிவிடும். ஜன்னல்கள் இதற்கு நேர்மாறு: மேல்மாடிகளில் சின்னது, கீழ்மாடிகளில் பெரியது. மேலே வெளிச்சம் கொட்டுகிற இடத்தில் அடர்நிறம் அதைக் கொஞ்சம் விழுங்கிக்கொள்கிறது. வெளிச்சம் குறைகிற கீழ்ப்பகுதியில் வெளிர்நிறம் கிடைத்ததைத் திருப்பியடிக்கிறது, பெரிய ஜன்னல் அதை உள்ளே வாங்கிக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்து எல்லா மாடிகளுக்கும் வெளிச்சத்தைப் பங்கிடுகின்றன. ‘என் வீட்டு உள்ளறை ஏன் இருட்டாக இருக்கிறது?’ என்று கேட்டுக்கொண்டு வந்தவருக்கு இந்த ஒரு சுவர் போதும். ஜன்னலிலிருந்து தள்ளியிருக்கும் சுவருக்கு எந்த நிறம் என்பதை அவர் இனி வேறு மாதிரி யோசிப்பார்.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்தில் 1924இல் கட்டடக்கலைஞர் கெரிட் ரீட்வெல்ட் கட்டிய ஷ்ரோடர் வீட்டின் மேல்தளத்தில் நிலையான சுவர்கள் குறைவு. நகரும் தடுப்புகளை இழுத்தால் தனித்தனி அறைகள், தள்ளிவிட்டால் ஒரே கூடம். அறை போதவில்லை என்று கவலைப்படுபவர்கள் பார்க்க வேண்டிய வீடு. கொழும்பில் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா, ஒட்டினாற்போல் இருந்த நான்கு சின்ன வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி ஒரே வீடாக்கினார். 33ஆம் ஒழுங்கையில் 11ஆம் எண். வெளிச்சுவர்களில் ஜன்னல் வைக்க வழியில்லாத இடத்தில், நடுநடுவே சின்னச் சின்னத் திறந்த முற்றங்களை விட்டு வெளிச்சத்தையும் காற்றையும் உள்ளே கொண்டுவந்திருக்கிறார். இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர் முட்டும் மனையில் வாழ்பவர்கள் அங்கே நின்று பார்த்தால் நிறையப் புரியும்.

நான்காவது லண்டனில் ஜான் சோன் என்ற கட்டடக்கலைஞரின் வீடு. அவர் வைத்திருந்தபடியே வீட்டைப் பாதுகாக்க வேண்டும் என்று 1833இல் நாடாளுமன்றச் சட்டமே இயற்றப்பட்டது. அங்கே ஓவிய அறையின் சுவர்ப் பலகைகள் கதவுபோலத் திறக்கும், உள்ளே இன்னொரு அடுக்கு ஓவியங்கள் இருக்கும். காலை உணவறையின் குவிமாடத்தில் குட்டிக் குட்டிக் குவியாடிகள் பதித்திருக்கிறார்கள். சின்ன அறை அதனால் ஓயாமல் மினுங்கிக்கொண்டே இருக்கும். பொருள்கள் நிறைய இருந்தும் அந்த வீடு அடைசலாகத் தெரியாததற்குக் காரணம், மேலிருந்து விழும் வெளிச்சமும் ஒவ்வொரு திருப்பத்திலும் கிடைக்கும் நீண்ட பார்வையும்தான் என்பது என் எண்ணம்.

வீட்டு அருங்காட்சியகம் இல்லாத ஊரில் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தைத் தேடுங்கள். இவை பிறந்ததே இதற்காகத்தான். லண்டனின் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகம் 1852இல் தொடங்கியபோது அதன் நோக்கம், பொருள் செய்கிறவர்களும் வாங்குகிறவர்களும் நல்ல வடிவமைப்பைக் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது. வியன்னாவில் 1863இல் அதே வழியில் ஒன்று தொடங்கியது, இன்று அதன் பெயர் மாக். பல அருங்காட்சியகங்களில் பழைய வீடுகளின் அறைகளை முழுசாகப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருப்பார்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் கட்டடக்கலைஞர் பிராங்க் லாய்ட் ரைட் வடிவமைத்த வரவேற்பறை ஒன்று அப்படி இருக்கிறது. லண்டனில் உள்ள இல்ல அருங்காட்சியகமோ வெவ்வேறு காலத்து வரவேற்பறைகளை வரிசையாகவே காட்டுகிறது. அவசரமில்லாமல் அந்த வரிசையில் நடந்தால் எது காலத்தின் மோகம், எது எல்லாக் காலத்திலும் வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்க்கப் பழகும்.

செப்டம்பரில் ஐரோப்பா போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அந்த மாதம் பல நாடுகளில் பாரம்பரிய நாள்கள் நடக்கும், வழக்கமாகப் பூட்டியிருக்கும் கட்டடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். லண்டனில் 1992இல் தொடங்கிய ‘ஓப்பன் ஹவுஸ்’ இன்று பல நகரங்களுக்குப் பரவியிருக்கிறது. சில இடங்களில் இன்றும் ஆட்கள் வாழும் வீடுகளுக்குள்ளேயே போய்ப் பார்க்கலாம்.

மற்றபடி நூலகம், ரயில் நிலையம், ஓட்டல் வரவேற்பறை, காபிக்கடை எல்லாமே பாடம்தான். ஸ்டாக்ஹோம் மெட்ரோவின் மைய நிலையத்தில் பாறைக் கூரையெங்கும் நீல நிறத்தில் இலைக்கொடிகள் வரைந்திருக்கிறார்கள். கூட்டம் முண்டும் இடம் என்பதால் அமைதி தரும் நிறமாக நீலத்தைத் தேர்ந்ததாக ஓவியர் சொன்னார். கதவு, அலமாரிச் சாமான்கள் விற்கும் ஹார்ட்வேர் கடைக்கும் ஒருமுறை போய்வாருங்கள். கைப்பிடி, கீல், கொக்கி, ஸ்விட்ச் தகடு போன்ற சின்னப் பொருள்களில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம் அதிகம், பெட்டியிலும் எளிதாக அடங்கும். பழைய பொருள் சந்தையில் தேய்ந்துபோன பொருள்களைப் பாருங்கள். எந்த மரம் எங்கே தேய்ந்திருக்கிறது, எந்த இணைப்பு இன்னும் ஆடாமல் நிற்கிறது என்பதை எந்த விளம்பரமும் சொல்லாது.

பிடித்த இடத்தைப் பிரித்துப் பார்ப்பது

இதுதான் முக்கியமான படி, புதிதாகத் தொடங்குபவர்கள் தவறவிடுவதும் இதைத்தான். ஓரிடம் பிடித்துப்போனால் ஃபோனை எடுக்காதீர்கள். முதலில் உட்காருங்கள். பத்து நிமிடம். பிறகு இந்த வரிசையில் உங்களையே கேளுங்கள்: வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? என் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? கைக்கு என்ன தட்டுப்படுகிறது? சத்தம் எப்படி இருக்கிறது? நிறம் கடைசியில்தான். நிறம் கண்ணை முதலில் இழுத்துவிடுவதால் மற்றதெல்லாம் அதன் பின்னால் மறைந்துபோகும்.

ஒரு காபிக்கடை மூலையை எடுத்துக்கொள்வோம். சுவரோரம் நீளப் பெஞ்சு, சின்ன மேசை, மேலே தொங்கும் விளக்கு, ஜன்னல் வழியே தெரு. உட்கார்ந்ததும் சுகமாக இருக்கிறது. ஏன்? பெஞ்சின் மெத்தைத் துணியும் அதன் நிறமும்தான் என்று முதலில் தோன்றும். பிரித்துப் பார்ப்போம். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கிறது, பின்னால் யாரும் நடக்க முடியாது. எதிரே வாசலும் தெருவும் தெரிகின்றன. தன்னை மறைத்துக்கொண்டு வெளியே நன்றாகப் பார்க்க முடிகிற இடங்களை மனிதர்கள் விரும்புகிறார்கள் என்று ஜே ஆப்பிள்டன் என்ற பிரிட்டிஷ் புவியியலாளர் 1975இல் எழுதினார். அவர் பேசியது நிலக்காட்சிகளைப் பற்றி, ஆனால் அறைகளுக்கும் அது பொருந்துகிறது. அடுத்து விளக்கு. மேசைக்கு மேலே சுமார் 70 முதல் 80 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்குகிறது. வெளிச்சம் மேசையில் விழுகிறது, எதிரில் இருப்பவரின் முகம் மறையவில்லை, கண்ணும் கூசவில்லை. மேசைக்கும் இருக்கைக்கும் இடையில் உயர வித்தியாசம் கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர். முழங்கை இயல்பாக மேசைமேல் அமர்கிறது. பெஞ்சு சுவரோடு ஒட்டியிருப்பதால் நாற்காலியைப் பின்னால் இழுக்கும் இடம் மிச்சம். துணி போர்த்திய முதுகுச்சாய்வு சத்தத்தையும் கொஞ்சம் உறிஞ்சுகிறது.

இப்போது பாருங்கள், அந்த மெத்தைத் துணியின் நிறத்துக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. நெருக்கடியான ஹாலைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வந்தவருக்கு இங்கே கிடைத்தது சுவரோரப் பெஞ்சு என்ற யோசனை. அதே துணியை வாங்கிக்கொண்டு போயிருந்தால் ஹாலில் இன்னொரு பொருள்தான் கூடியிருக்கும்.

ஓட்டல் அறைக்கும் இதையே செய்யுங்கள். ஓட்டல் அறை ஏன் அமைதியாக இருக்கிறது என்றால், பாதிக் காரணம் அங்கே நம் பொருள்கள் இல்லை என்பதுதான். மீதியில் பெரும்பங்கு விளக்குகளுக்கு. கூரை நடுவில் ஒரே பெரிய விளக்குக்குப் பதிலாகக் கட்டில் பக்கத்தில் ஒன்று, மேசையில் ஒன்று, மூலையில் ஒன்று என்று தாழ்வாக வைத்திருப்பார்கள். பல்பின் நிறமும் பெரும்பாலும் 2700 முதல் 3000 கெல்வினுக்குள் இருக்கும், அதாவது மஞ்சள் கலந்த இதமான வெளிச்சம். 4000 கெல்வினில் வெள்ளை, 6500இல் நீலம் கலந்த வெள்ளை. வீட்டில் 6500 பல்பு எரிக்கிறவர்கள் இதே திரைச்சீலையையும் மரத்தையும் வாங்கிக்கொண்டு போனாலும் அந்த அமைதி வராது. பல்பை மாற்றுவதுதான் முதல் வேலை, செலவும் அதில்தான் குறைவு.

கண்ணை ஏமாற்றுவது அளவு. ஓட்டல் வரவேற்பறையின் கூரை 4, 5 மீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கே அடக்கமாகத் தெரியும் தொங்குவிளக்கு 2.7 மீட்டர் அறைக்கு வந்தால் தலையில் இடிக்கும். பிடித்த பொருளின் அளவோடு அது இருக்கும் அறையின் உயரத்தையும் எழுதுங்கள். கூரையை அளக்க முடியாதபோது கதவைப் பாருங்கள். கதவு சுமார் 2.1 மீட்டர் என்று வைத்துக்கொண்டு, அதைப்போல் எத்தனை மடங்கு என்று கணக்கிட்டால் ஓரளவு சரியாக வரும்.

காபிக்கடைகளில் வளைந்த மரத்தாலான நாற்காலி ஒன்றை அடிக்கடி பார்ப்பீர்கள். மிகேல் தோனெட் என்ற அறைகலன் தயாரிப்பாளர் 1859இல் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலியும் அதன் வழிவந்தவையும்தான் அவை. ஒருமுறை குனிந்து அடியில் பாருங்கள். நீராவியில் வளைத்த ஆறே மரத்துண்டுகள், பத்துத் திருகாணி, இரண்டு மரை. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கின. இப்படி அடிப்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், பிறகு அறைகலன் வாங்கும்போது பாலிஷைப் பார்த்து மயங்க மாட்டீர்கள்.

வெளிச்சத்தின் ஊர்

நிறத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். சுவரின் நிறம் டப்பாவில் மட்டும் இல்லை, அந்த ஊரின் வெயிலிலும் இருக்கிறது. ஸ்டாக்ஹோமில் டிசம்பர் மாத நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 7 பாகைதான் ஏறும். கிடைக்கிற கொஞ்சம் சாய்ந்த வெளிச்சத்தையும் வீணாக்காமல் அறை முழுக்கப் பரப்புவதற்கு வெள்ளைச் சுவர் அங்கே உதவுகிறது. சூரியன் உச்சியில் நிற்கும் ஊரில், பெரிய மேற்கு ஜன்னல் உள்ள அறையில் அதே வெள்ளை கண்ணைக் கூசவைக்கும். மெக்சிகோ நகரத்தில் கட்டடக்கலைஞர் லூயிஸ் பாராகான் 1948இல் தனக்குக் கட்டிக்கொண்ட வீட்டில் இதற்கு மறுபக்கத்தைப் பார்க்கலாம். அடர்த்தியான இளஞ்சிவப்புச் சுவர், படிக்கட்டில் தங்கத் தகடு ஒட்டிய ஒரு பலகை, மேலேயுள்ள ஜன்னலின் வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்துக் கூடமெல்லாம் பரவுகிறது. வெயில் அங்கே நேராகக் கண்ணுக்கு வருவதில்லை.

அதனால் நிறம் பிடித்தால் இரண்டு நேரத்தில் பாருங்கள், முடிந்தால் காலையிலும் மாலையிலும். பெயின்ட் அட்டைகள் பலவற்றில் எல்.ஆர்.வி என்று ஒரு எண் போட்டிருக்கும். சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பியனுப்பும் என்பதை 0 முதல் 100 வரை காட்டும் அளவு அது. 0 கறுப்பு, 100 வெள்ளை. பிடித்த நிறத்தின் பெயர் நம் ஊர்க் கடையில் கிடைக்காமல் போகலாம், ஆனால் அதற்குப் பக்கத்து நிறத்தை இதே எண்ணோடு தேடினால் அறையின் வெளிச்சமாவது ஒத்துப்போகும்.

பதிவு செய்வது

ஒரு இடத்துக்கு மூன்று படம் போதும். வாசலிலிருந்து முழு அறை, நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து கண்மட்டத்தில் ஒன்று, பிடித்த பகுதி மட்டும் மிக அருகில். அருகில் எடுக்கும் படத்தில் ஒரு வெள்ளைத் தாளையோ ஏடிஎம் அட்டையின் பின்பக்கத்தையோ ஓரமாக வையுங்கள். உலகம் முழுக்க அந்த அட்டை 85.6 மில்லிமீட்டர் நீளம், 54 மில்லிமீட்டர் அகலம்தான். அதை வைத்துப் பிறகு மற்றவற்றை அளந்துகொள்ளலாம். அட்டையின் எண்கள் மட்டும் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் தாள் நிறத்துக்கு உதவும். ஃபோன் கேமரா மஞ்சள் விளக்கின் நிறத்தைத் தானாகத் திருத்திவிடும், இருட்டான அறையைப் பளிச்சென்று காட்டும். படத்தில் தாள் எந்த நிறமாகத் தெரிகிறது என்பதைப் பார்த்தால் எவ்வளவு மாற்றியிருக்கிறது என்று புரியும்.

படத்தைவிட எனக்குக் கிறுக்கிய வரைபடம்மேல் நம்பிக்கை அதிகம். அழகாக வரையத் தெரிய வேண்டியதில்லை. மேலிருந்து பார்ப்பதுபோல நான்கு கோடு, வாசல் எங்கே, ஜன்னல் எங்கே, உட்காரும் இடம் எங்கே, நடக்கும் வழி எவ்வளவு அகலம். வரையும்போது கை எதை எழுதுவது என்று முடிவெடுத்தாக வேண்டும், அதனால் கண் உற்றுப் பார்க்கிறது. பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்: ‘இது பிடித்ததற்குக் காரணம்…’ அந்த வரியை முடிக்க முடியவில்லை என்றால் இன்னும் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

மரியாதையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கடைகளில் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள், ஆட்கள் முகம் விழாமல் எடுங்கள், அருங்காட்சியகத்தில் ஃபிளாஷ் வேண்டாம். இருட்டத் தொடங்கும் நேரத்தில் தெருவில் நடந்தால் விளக்குப் போட்ட ஜன்னல்கள் வழியே வீடுகளின் உள்ளே தெரியும். போகிறபோக்கில் கண்ணில் பட்டது படட்டும், நின்று பார்ப்பதும் படம் எடுப்பதும் கூடாது.

வாங்குவதற்கு முன்

எதையும் வாங்காமல் திரும்பினாலும் பயணம் வீணில்லை. வாங்கத்தான் வேண்டும் என்றால் துணி, கைப்பிடி, கொக்கி, சின்னப் பாத்திரம், காகிதம் போன்ற பெட்டியில் அடங்கும் பொருள்கள் நல்லது. மற்றவற்றில் சில சங்கதிகளைக் கவனியுங்கள்.

விளக்கு வாங்கினால் வோல்ட்டேஜைப் பாருங்கள். அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளில் 100 முதல் 120 வோல்ட். அங்கே வாங்கிய பல்பை 230 வோல்ட்டில் போட்டால் உடனே போய்விடும். ஹோல்டரும் மாறும்: ஐரோப்பாவில் பெரும்பாலும் இ27 திருகு, அமெரிக்காவில் இ26, பிரிட்டனிலும் இந்தியாவிலும் இலங்கையிலும் பி22 என்ற பின் வைத்தது பரவலாக உண்டு. எல்இடி உள்ளேயே பதித்த விளக்கு என்றால் தாங்கும் வோல்ட்டேஜ் அதன் மேலேயே எழுதியிருக்கும். படிக்காமல் வாங்க வேண்டாம். ஷேடு மட்டும் வாங்கிக்கொண்டு ஹோல்டரையும் வயரையும் ஊரில் போட்டுக்கொள்வது எளிய வழி.

மரப்பொருளுக்குப் பூச்சி பயத்தால் சுங்கத்தில் சோதனை உண்டு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகள் இதில் மிகக் கண்டிப்பு. பட்டை உரிக்காத மரம், ஓட்டை விழுந்த மரம் வேண்டாம். ஈட்டி இன மரங்கள், தந்தம், பவளம் போன்றவற்றுக்குப் பன்னாட்டு உடன்பாடுகளும் அனுமதிச் சீட்டுகளும் இருக்கின்றன. மிகப் பழைய பொருள்களை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகப் பல நாடுகளில் விட மாட்டார்கள். இந்தியாவில் 1972 சட்டப்படி 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கலைப்பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்யக் கூடாது. ‘இது ரொம்பப் பழசு’ என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், ரசீதையும் அனுமதியையும் கேளுங்கள்.

இரவில் அரை மணி, திரும்பிய பின் ஒரு வாரம்

ஒவ்வொரு நாள் இரவும் அன்றைய படங்களைப் பார்த்து மூன்றை மட்டும் ஒரு ஆல்பத்தில் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக, வீட்டில் எழுதிய கேள்விகளில் எதற்கு இது பதில் என்று குறியுங்கள். எந்தக் கேள்விக்கும் பொருந்தாத படம் வெறும் நினைவுப் படம், அதற்கு வேறு ஆல்பம். இதை ஊர் திரும்பிய பிறகு செய்யலாம் என்று தள்ளிப்போட்டால் காரணம் மறந்துபோய்ப் படம் மட்டும் மிஞ்சும்.

திரும்பியதும் ஒரு வாரம் எதையும் மாற்ற வேண்டாம். பயணத்தின் மயக்கம் கொஞ்சம் தெளியட்டும். அதற்குப் பிறகும் எந்த யோசனை மனதில் நிற்கிறதோ அதைச் செலவில்லாமல் சோதித்துப் பாருங்கள். சுவரோரப் பெஞ்சு வேண்டுமா? இருக்கும் நாற்காலிகளைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, பெஞ்சு வரும் அளவுக்குத் தரையில் மறைப்பு டேப் ஒட்டி, நாலைந்து நாள் நடந்து பாருங்கள். நடக்கும் வழிக்கு 75 முதல் 90 சென்டிமீட்டர் மிச்சம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். நிறம் வேண்டுமா? பெரிய அட்டையில் இரண்டு கை பெயின்ட் அடித்து, ஜன்னல் பக்கச் சுவரிலும் எதிர்ச்சுவரிலும் மாற்றி மாற்றிச் சாய்த்து வைத்து, பகலிலும் விளக்கிலும் பாருங்கள். தாழ்வான விளக்கு வேண்டுமா? கூரை விளக்கை அணைத்துவிட்டு, மேசை விளக்கு ஒன்றைக் கடன் வாங்கி ஒரு மாலை வைத்துப் பாருங்கள்.

பராமரிப்பையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். காற்றில் ஈரம் அதிகமான ஊரில் மரம் உப்பும், துணியில் பூஞ்சை பிடிக்கும். தூசி அதிகமான ஊரில் திறந்த அலமாரி தினசரி வேலை. அந்த நகரத்துக் கடையில் தினமும் துடைக்க ஆள் இருந்திருப்பார். உங்கள் வீட்டில் யார் துடைப்பார்கள் என்பதற்குப் பதில் இல்லாத யோசனையைக் கைவிடுவதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அதன் காரணத்தை மட்டும் வைத்துக்கொண்டு வேறு பொருளில் செய்து பார்க்கலாம்.

கடைசியில் தச்சரிடமோ உள்ளலங்காரம் செய்பவரிடமோ பேசும்போது படத்தை மட்டும் நீட்டிவிட்டு ‘இதேபோல’ என்று சொல்லாதீர்கள். படத்தோடு வரைபடம், அளவு, காரணம் எழுதிய அந்த ஒரு வரி மூன்றையும் கொடுங்கள். ‘இந்தப் பெஞ்சு பிடித்ததற்குக் காரணம், பின்னால் சுவர் இருந்தது, எதிரே வாசல் தெரிந்தது, நாற்காலி இழுக்க இடம் தேவைப்படவில்லை’ என்று சொல்லிப்பாருங்கள். நல்ல தச்சர் என்றால் உங்கள் ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நீங்கள் நினைத்த சுவரை விட்டுவிட்டு வேறொரு சுவரைக் காட்டக்கூடும்.